அரசும் சூதும்

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இடம்பெறவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே, 94ஆம் அதிகாரமாக அது அமைந்துள்ளது. சூது தனிமனிதனின் ஒழுக்கக்கேடு மட்டுமே என்று வள்ளுவர் கருதியிருப்பின், கள்ளாமை, வாய்மை ஆகியவற்றின் அருகே அதனை வைத்திருப்பார். அரசும் அமைச்சும் பொருள்செயல்வகையும் பேசப்படும் பாலில் வைத்தமையால், அது நாட்டின் செல்வத்தைத் தொட்ட சிக்கலும் ஆகும் என அவர் எண்ணினார் என்று கொள்வதில் தவறில்லை. பாரதக் கதையில் தருமன் தோற்றது கைப்பொருளை மட்டுமன்று. நாட்டையே பணயமாக வைத்தான். அங்கே ஆடியவன் அரசன். இக்காலத்து அரசுகள் ஆடுவதில்லை. ஆடுவோர்க்கு இடமளித்து, வென்ற விடுதியிடம் வரி பெறுகின்றன. இவ்வாறு பெறும் பொருளால் நாடு வளம் பெறுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

சிங்கப்பூருக்கு இவ்வினா மிகப் பழையது. 1819இல் ஆங்கிலேயர் அத்தீவில் காலூன்றிய மறு ஆண்டே, அங்கு ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஃபார்குவார் அபினி, சாராயம், சூது ஆகிய மூன்றையும் குத்தகைக்கு விட்டார். துறைமுகத்தில் சுங்கம் இல்லை என்பது கொள்கையாகிவிட்டபடியால், ஊரை நடத்தும் செலவுக்கு வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை போலும். ராஃபிள்ஸ் 1823இல் சூதைத் தடைசெய்தார். அவர் கப்பலேறிய பின் பொறுப்பேற்ற கிராஃபர்டு குத்தகையை மீண்டும் கொணர்ந்தார். 1829இல் அது மறுபடியும் ஒழிக்கப்பட்டது. பத்தாண்டுக் காலத்திற்குள் ஒரே ஊரில் அனுமதி, தடை, அனுமதி, தடை என நான்கு முறை முடிவு மாறியது. அறிவும் அனுபவமும் மிக்க ஆட்சியாளர்களாலேயே இதில் நிலைத்து நிற்க இயலவில்லை.

மலேசியாவில் கெந்திங் மலையின் விடுதிக்கு 1969இல் உரிமம் வழங்கப்பட்டது. நகரத்தினின்று விலகி, மேகம் தவழும் உச்சியில் அது எழுந்தது. முஸ்லிம்களுக்கு அங்கு ஆட அனுமதி இல்லை. சிங்கப்பூரோ நெடுங்காலம் இத்தகைய விடுதியை மறுத்தே வந்தது. குதிரைப் பந்தயமும், 1968இல் அரசு தொடங்கிய குலுக்குச் சீட்டு நிறுவனமும் இருந்தன. சூதாட்ட விடுதி மட்டும் வேண்டாம் என்பது கொள்கை. அதனை உறுதியாக எதிர்த்தவருள் லீ குவான் இயூ தலையாயவர். தம் தந்தையார் சூதில் தோற்று வீடு திரும்பும் நாள்களில், அடகு வைப்பதற்காகத் தாயாரின் நகைகளைக் கேட்டுச் சினந்ததை அவர் தம் நினைவுக் குறிப்புகளிலேயே எழுதியுள்ளார். அத்தகையவரும் 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் புதிய திட்டத்திற்கு ஆதரவாகப் பேச நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பிரதமர் லீ சியன் லூங் இரு ஒருங்கிணைந்த உல்லாச விடுதிகளுக்கான முடிவை அறிவித்தார். அமைச்சரவையிலேயே கருத்து வேற்றுமை இருந்ததை அவர் மறைக்கவில்லை. 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் அவ்விடுதிகள் திறக்கப்பட்டன.

நன்மை விளைந்ததா எனின், விளைந்தது. அதனை மறுப்பது நேர்மையாகாது. 2009இல் 97 இலட்சமாக இருந்த சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கை 2010இல் 1 கோடியே 16 இலட்சமாயிற்று. 2019இல் 1 கோடியே 91 இலட்சத்தை எட்டியது. விடுதிகளும் அவற்றைச் சார்ந்த தொழில்களும் 35,000 வேலைகளைத் தரும் என்று 2005இல் மதிப்பிடப்பட்டது. 2009ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார மந்தத்திலிருந்து நாடுகள் மீண்டெழுந்த வேளையும் அதுவே ஆதலின், முழுப் பெருமையையும் விடுதிகளுக்கே சூட்டுவது மிகையாகும். ஆயினும் அவற்றின் பங்கு சிறிதன்று.

ஆனால் இச்செல்வம் எங்கிருந்து வருகிறது? சர்க்கரை ஆலை கரும்பை வாங்கிச் சர்க்கரையைத் தருகிறது. தையல் தொழிலாளி துணியைச் சட்டையாக்குகிறார். சூதாட்ட மேசையில் விளைபொருள் ஏதுமில்லை. ஒருவர் கை விட்டுப் போனது மற்றொருவர் கைக்கு வருகிறது. விடுதியின் வருமானம் என்று கணக்கேட்டில் எழுதப்படும் தொகை, ஆடியவர்கள் தோற்ற தொகையே அன்றி வேறன்று. திரைப்படம் பார்ப்பவனும் பணத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடுதானே திரும்புகிறான், இதுவும் கேளிக்கைதானே என்று சிலர் வாதிடுவர். திரைப்படம் பார்த்தவன், கொடுத்த பணத்தை மீட்க வேண்டும் என்று அன்றிரவே நகையை அடகு வைத்து ஏழு முறை அதே படத்தைப் பார்ப்பதில்லை. 2005இல் சூதாடுமிடம் மொத்தப் பரப்பில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும் என்று விளக்கப்பட்டது. அச்சிறு பரப்பே வருவாயின் பெரும்பங்கைத் தருகிறது என்பது விடுதியை நடத்துவோர் நன்கறிந்த கணக்கு.

தோற்பவர் யார் என்பதைப் பொறுத்தே நாட்டின் லாப நட்டம் அமைகிறது. உள்ளூரான் தோற்றால் கறிக்கடைக்கும் துணிக்கடைக்கும் போக வேண்டிய பணமே மேசைக்குப் போகிறது. நாட்டுக்குப் புதிய வரவு இல்லை. அயலூரார் வந்து தோற்றால்தான் வரவு. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி இதனை வருந்திக் கற்றது. நலிந்த கடற்கரை நகரத்தை உயிர்ப்பிக்கலாம் என்று நியூ ஜெர்சி மக்கள் 1976இல் வாக்களித்தனர். 1978இல் முதல் விடுதி திறந்தது. பேருந்து பேருந்தாக மக்கள் வந்தனர். 2006இல் அண்டை மாநிலமான பென்சில்வேனியாவும் விடுதிகளைத் திறக்கவே கூட்டம் கரைந்தது. 2014ஆம் ஓர் ஆண்டில் மட்டும் நான்கு விடுதிகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

சிங்கப்பூர் அரசு இக்கணக்கை முன்னரே கற்றிருந்தது. ஆதலால்தான் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவு வரி விதித்தது. 2019இல் அதனை 150 வெள்ளியாக உயர்த்தியது. கணவன் ஆடாதபடி மனைவியும், மகன் ஆடாதபடி பெற்றோரும் விலக்காணை கோரலாம். கடனில் நொடித்துப் போனவர்க்கும், அரசின் உதவித்தொகை பெறுவோர்க்கும் தடை தானாகவே உண்டு. சூதாடுமிடத்தினுள் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. இவ்வேலி வீணாகவுமில்லை. சூதாட்டச் சிக்கலுக்கு உள்ளானோர் 2011ஆம் ஆண்டின் ஆய்வில் 2.6 விழுக்காடாக இருந்தனர், 2014இல் 0.7 விழுக்காடாகக் குறைந்தனர். நுழைவு வரியாகத் திரளும் பணமும் பொதுநலப் பணிகளுக்கே செலவாகிறது. இத்துணைக் கவனத்தோடு இதனை நடத்தும் நாடு வேறொன்று காண்பதரிது.

கவனம் மிக மிக, அடியிலுள்ள அறவினா தெளிவாகத் தெரிகிறது. கேடில்லாத பொருளை வாங்க வரும் தன் மக்களிடம் எந்த அரசும் வாயிலிலேயே வரி வாங்கித் தடுப்பதில்லை. நூலகத்திற்கு நுழைவு வரி இல்லை, பூங்காவுக்கும் இல்லை. தன் வீட்டுப் பிள்ளை உண்ணலாகாது என்று பூட்டி வைத்த பண்டத்தை விருந்தினர் இலையில் பரிமாறும் இல்லத்தாளை ஊரார் என்ன சொல்வர்? வருவோர் வசதியுள்ள சுற்றுப்பயணிகள், தம் செயலைத் தாமே அறிவார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் விடை. கோடீசுவரர்களைப் பொறுத்தவரை அவ்விடையை ஏற்கலாம். அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்க வேண்டிய தேவையில்லை.

ஆயின் வெளிநாட்டார் என்னும் சொல் கோடீசுவரரை மட்டும் குறிப்பதன்று. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தொழிலாளியும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும், முகவர்க்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்துவிட்டு வரும் தமிழ் இளைஞர் அவர்களுள் பலர். குடிமகனைத் தடுக்கும் நுழைவு வரி அவர்களைத் தடுப்பதில்லை. வேலை அனுமதி அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். ஊரிலுள்ள மனைவிக்கு விடுதியின் விளக்கொளியும் தெரியாது, விலக்காணை என்னும் சொல்லும் தெரியாது. முதலாளிமார் வற்புறுத்தியும் தாமே அஞ்சியும், இத்தொழிலாளர் பலர் தம்மை உள்ளே விடாதீர் என்று தாமே எழுதிக் கொடுத்துள்ளனர். கடலைக் கடந்து கூலிக்கு வந்தவன், தன்னைத் தன்னிடமிருந்து காக்குமாறு படிவம் நிரப்புகிறான்! கருவூலத்தின் பேரேட்டில் அவன் தோற்ற வெள்ளிக்கும் கோடீசுவரர் தோற்ற வெள்ளிக்கும் தனித்தனிப் பத்தி இல்லை. இரண்டும் வெளிநாட்டாரிடமிருந்து வந்த வரவே.

அயலாரின் பணம் ஆதலால் நாட்டுக்கு ஆதாயம் என்னும் வாதம் இவ்விடத்தில் இடறுகிறது. அத்தொழிலாளி கட்டிய வீட்டில் குடிமகன் வாழ்கிறான்; அவன் தோண்டிய சுரங்கத்தில் இரயில் ஓடுகிறது. வாயிலில் மட்டும் அவனை விருந்தாளி என்று எண்ணிக் கையை விடுவது எவ்வாறு பொருந்தும்? வருவாயை இழக்காமலே இதனைச் சீர்செய்யலாம். வேலை அனுமதி அட்டை உடையோர் அனைவர்க்கும், அவர்கள் கேளாமலே, நொடித்தவர்க்கு இருப்பது போன்ற விலக்காணையைப் பிறப்பிப்பது அரசுக்குப் பெரும் செலவன்று. வளர்ந்த ஆடவரைச் சிறுவர்போல் நடத்துவதாகாதா என்று கேட்கலாம். தன் குடிமக்களை அவ்வாறு நடத்த அரசு தயங்கவில்லையே. நுழைவு வரி 2024இல் மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. வெளிநாட்டார் வரிசையில் கட்டணம் ஏதுமில்லை. தொழிலாளி நிற்பதும் அவ்வரிசையில்தான்.