முடிக்க மனம் வராதவர்

பிழை திருத்துவது என் தொழில். அச்சகத்திலிருந்து வரும் புரூப்களில் சிவப்பு மையால் கோடு போட்டே பாதி ஆயுள் போயிற்று. அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் தன் கைப்பிரதி ஒன்றின் ஓரத்தில் படியெடுப்பவருக்கு எழுதிய குறிப்பு அதனாலேயே என்னைக் குடைகிறது. எதையும் அழகுபடுத்தாதே, தப்பாகத் தெரிகிற சுரங்களெல்லாம் சரிதான் என்பது அதன் சாரம். இப்படியொரு ஆசிரியரிடம் மாட்டியிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன்.

ஐவ்ஸ் (1874–1954) பகலில் நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நடத்தினார். இரவிலும் விடுமுறையிலும் இசை எழுதினார். 1920களில் புதிதாக எழுதுவது ஏறக்குறைய நின்றுபோனது. எழுதியதை மாற்றுவது மட்டும் நிற்கவில்லை. அவருடைய 'கான்கார்ட்' சொனாட்டாவின் முதல் பகுதி அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனைப் பற்றியது. அதை முடிக்காமலே வைத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அச்சேறிய பிறகும் விடாமல் திருத்த, 1947-ல் இரண்டாம் பதிப்பு வந்தது.

அவர் மறைந்தபின் மனைவி ஹார்மனி காகிதங்களை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதே சொனாட்டாவை 1939-ல் நியூயார்க்கில் வாசித்த ஜான் கர்க்பாட்ரிக் அவற்றை வகைப்படுத்தி 1960-ல் அட்டவணையிட்டார். பிரதிக்குள் பிரதி, அடித்தலுக்கு மேல் அடித்தல்.

ஒரு படைப்பு எப்போது முடிகிறது? உண்மை வளர்ந்துகொண்டே போவது என்று எமர்சனை ஒட்டி நம்புகிறவனுக்கு, கடைசிக் கோடு இழுப்பதே ஒருவகைப் பொய். எமர்சன் கீதையை ஈடுபாட்டோடு படித்தவர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, ஐவ்ஸையும் பலன் துறந்த கர்மயோகி என்று சொல்லிவிட ஆசை வருகிறது. காகிதங்கள் விடவில்லை. ஓரங்களில் தேதி எழுதியிருக்கிறார். புதுமையில் முந்திக்கொள்ள அவர் தேதிகளை முன்தள்ளிப் போட்டாரோ என்று 1987-ல் இசை ஆய்வாளர் மேனார்ட் சாலமன் சந்தேகம் கிளப்பினார். பின்னால் வந்தவர்கள் தாளின் ரகத்தையும் கையெழுத்தையும் சோதித்தார்கள். பல தேதிகள் தாங்கின, சில பின்னுக்கு நகர்ந்தன. உரிமையைத் துறந்தவனுக்குத் தேதி எதற்கு?

அதற்காக அவர் நம்பிக்கை போலி என்று நான் சொல்லமாட்டேன். அரைகுறைக் குறிப்புகளாகவே நின்ற 'யுனிவர்ஸ் சிம்பனி'யைத் தன்னால் முடிக்க இயலாவிட்டால் வேறு யாராவது முயலலாம் என்று எழுதிவைத்தவரும் இவர்தான். இசையமைப்பாளர் லாரி ஆஸ்டின் முயன்றார், 1994-ல் சின்சினாட்டியில் அரங்கேறியது. 1996-ல் நியூயார்க்கில் ஜானி ரைன்ஹார்டின் வடிவம். இரண்டும் வேறு வேறு. ஐவ்ஸ் கையில் கிடைத்திருந்தால் இரண்டையும் திருத்த உட்கார்ந்திருப்பார்.