தோற்கிறவருக்குப் போட்ட ஓட்டு

1999 செப்டம்பரில் எனக்கு முதல் ஓட்டு. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி. எங்கள் காலனிக்கு வாக்குச்சாவடி ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். அங்கே போக ஊர்த்தெரு முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். தாத்தா காலத்தில் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். என் காலத்தில் செருப்புப் போடலாம், ஆனால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்குத் திண்ணைக்குத் திண்ணை ஆள் உட்கார்ந்திருந்தது.

"எங்கடா கூட்டமா கெளம்பிட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓட்டுப் போடத்தான்."

"ஒங்க ஓட்டெல்லாம் போட்டாச்சு. வெயில்ல எதுக்கு அலையிறீங்க, போயி வேலயப் பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் வயலில்தான் என் அம்மா நடவு நட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது பொய்யும் இல்லை. உள்ளே போனவர்களில் பாதிப்பேருக்குப் பட்டியலில் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தது. என் பெயருக்கும் போட்டிருந்தது. விரலில் மை படாமலே நான் ஓட்டுப் போட்டவன் ஆனேன்.

அந்தத் தேர்தலில்தான் தொல். திருமாவளவன் முதல்முறையாகச் சிதம்பரத்தில் நின்றார். அதுவரை விடுதலைச் சிறுத்தைகள் தேர்தலைப் புறக்கணித்தவர்கள். அரசாங்கத் தடய அறிவியல் துறை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மூப்பனாரின் கூட்டணி, சைக்கிள் சின்னம். ஜெயிக்க மாட்டார் என்பது நின்றவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றார்.

தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஒருவர் நிற்கலாமா? தம்மோடு ஆயிரக்கணக்கான கூலிக்காரர்களையும் நிற்கச் சொல்லலாமா? அவருக்குத் தோல்வி ஒரு நாள் செய்தி. எங்களுக்கு அது மறுநாள் கூலி, மாடு மேய்க்கிற இடம், கடையில் கடன். இருபத்தைந்து வருஷமாக இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

என் தாய்மாமன் பழைய கட்சிக்காரர். கொடி தூக்கிக் கொடி தூக்கித் தோளில் தழும்பு விழுந்தவர். தேர்தலுக்கு முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்: "இந்தா பாரு, ஜெயிக்கிற பக்கம் நின்னாத்தான் நாளைக்கி ரோடு கேக்கலாம், லைட்டு கேக்கலாம். தோக்கிறவனுக்குப் போட்டு ஓட்டச் சாவடிக்காத."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஜெயிக்கிறவனுக்குத்தானண்ணே இத்தினி வருசமாப் போட்டோம். அதுல எந்த ஓட்டு உசுரோட இருந்துச்சு சொல்லு."

மாமாவிடம் பதில் இல்லை. ஆனால் மாமா சொன்னதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் அப்படித் தள்ளிவிடுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் யாருடைய வண்டியைக் கேட்பது என்று கணக்குப் போட்டு வாழ்ந்தவர் அவர். அந்தக் கணக்கும் ஓர் அறம்தான்.

ஆனால் மாமாவின் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. எனக்கே அது பிறகுதான் பிடிபட்டது. சிதம்பரம் தனித்தொகுதி. ஜெயித்த பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளரும் தலித்துதான். யார் ஜெயித்தாலும் நாடாளுமன்றத்துக்குப் போகப் போவது ஒரு தலித். அப்படியிருக்க, தெருவை எதற்கு மறித்தார்கள்? எங்கள் பெயருக்கு நேரே எதற்குக் கோடு போட்டார்கள்? அந்தத் தேர்தலின்போது தொகுதியில் எத்தனையோ சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன. ஒரு தலித் எம்.பி. ஆவதைத் தடுக்க அல்ல அது. எந்தத் தலித் என்பதைத் தலித்துகள் முடிவு செய்வதைத் தடுக்க.

இந்தச் சண்டை எங்கள் ஊர்த்தெருவில் ஆரம்பித்தது இல்லை. 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தபோது தீண்டப்படாத மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதியும், பொதுத்தொகுதியில் இன்னொரு ஓட்டும் கிடைத்தன. இரட்டை வாக்குரிமை என்று நாம் சொல்வது அதைத்தான். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் என்று எண்ணிக்கை கூடியது. தேர்ந்தெடுக்கிற கை மாறிப்போனது. பெயரளவுக்கு முதல்சுற்றுத் தேர்தல் ஒன்று வைத்தார்கள், சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லை. இடம் நமக்கு, முடிவு எல்லோருக்கும் என்றானது. எண்ணிக்கையில் யார் அதிகமோ அவர்கள்தான் அந்த எல்லோரும்.

இந்த ஏற்பாட்டில் அண்ணல் அம்பேத்கரே தோற்றார். முதல் பொதுத்தேர்தலில், 1952இல், பம்பாய் வடக்கில் நின்றார். அரசியல் சட்டத்தை எழுதிய கையின் ஈரம் காயவில்லை. காங்கிரஸ் நிறுத்திய நாராயண் கஜ்ரோல்கர் ஜெயித்தார். அவரும் தலித்துதான். 1954இல் பண்டாராவில் இடைத்தேர்தல் வந்தது. மறுபடியும் நின்றார், மறுபடியும் தோற்றார். மாநிலங்களவை உறுப்பினராக ஏற்கனவே இருந்தவர் அவர். அவருக்கு ஒரு நாற்காலிதான் வேண்டும் என்றால் பண்டாராவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நான் எங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதற்காகப் போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தோற்கிறவருக்குப் போட்ட ஓட்டு செத்துப்போகிறது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டை கை காட்டினவருக்குப் போட்ட ஓட்டுத்தான் பிறக்கும்போதே செத்துப் பிறந்தது, அது ஜெயித்திருந்தாலும் சரி. 1999இன் இரண்டேகால் லட்சத்துக்கு என்ன அர்த்தம் என்றால், அத்தனை முறை யாரோ ஒருவர், யாரும் கை காட்டாமல், தானாக முடிவு செய்திருக்கிறார். கோடு போட்டுப் பறித்தது போக மிஞ்சியது அது.

ஆனால் இதோடு வாதத்தை முடித்துக்கொண்டால் அது பாதி நேர்மைதான். அறம் பேசுகிறவன் விலையையும் பேச வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996இல் தனி ஆக்கப்பட்டது. மிரட்டலில் தள்ளித் தள்ளிப்போன தேர்தலில் நின்று முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30இல் அவரும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து 2006 வரை பத்து வருஷம் ஊராட்சித் தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. மீறி நடந்தபோது, ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள். எங்கள் தொகுதிக்குள்ளேயே இருக்கிற அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் நடுத்தெருவில் பானையைப் போட்டு உடைத்தார்கள். பானை திருமாவளவனின் சின்னம். தொடர்ந்து காலனி வீடுகள் நொறுக்கப்பட்டன. பானையை உடைத்தவர்களுக்கு அது வெறும் சின்னம் இல்லை. அந்தப் பானைக்கு உள்ளே யார் கை போயிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நிற்கிறவருக்கு இதில் பொறுப்பு உண்டா? தீ வைத்தவனுடைய குற்றத்தைத் தேர்தலில் நின்றவன் தலையில் ஏற்றுவது ஆண்டைகளின் பழைய வித்தை. 'நீங்க கம்முனு இருந்தா நாங்க ஏன் அடிக்கப்போறோம்?' என்று கேட்பார்கள். வெண்மணியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதையும் இப்படித்தான் சொன்னார்கள். அந்த நியாயத்தை ஏற்றால் நாம் மூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

குற்றம் வேறு, கடன் வேறு. தீ வைத்த குற்றத்தில் வேட்பாளருக்குப் பங்கு இல்லை. எரிந்த குடிசைக்கு அவர் கடன்பட்டவர். ஓட்டுக்கு முன்னால் வருகிற வண்டி, எண்ணிக்கை முடிந்த மறுநாளும் வர வேண்டும். கூலி நிறுத்தப்பட்ட பெண்களுக்கு வேறு வயல் யார் பார்த்துத் தருவது? பொய் வழக்கில் உள்ளே போன பையன்களுக்கு ஜாமீன் யார் எடுப்பது? திரும்பத் திரும்ப நிற்கிறவரின் யோக்கியதையை அவர் எத்தனை முறை நின்றார் என்று எண்ணி அளக்கக் கூடாது. இரண்டு தேர்தலுக்கு நடுவில் எத்தனை முறை வந்தார் என்று எண்ண வேண்டும். இது திருமாவளவனுக்கு மட்டும் சொல்வது இல்லை. நம் பெயரைச் சொல்லி நிற்கிற எல்லோருக்கும்தான்.

2004இல் மறுபடியும் நின்றார். மங்களூர் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு வந்து நின்றார். அதற்குள் ஓட்டு இயந்திரம் வந்துவிட்டது. நாங்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் பெண்களை முன்னே விட்டுக் கூட்டமாகப் போனோம். திண்ணையில் அதே ஆள் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு என் கையால் நான் போட்ட முதல் ஓட்டு அது. இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கி அவர் தோற்றார். எங்கள் தெருவில் அன்று ராத்திரி யாரும் அழவில்லை. முதல்முறையாக எண்ணிக்கையில் எங்கள் ஓட்டும் இருந்தது.

2009இல் தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டு வித்தியாசம். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. அதற்குப் பிறகு வட மாவட்டங்களில் வளர்ந்த வெறுப்புக்கு நடுவில் 2014 வந்தது. ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2016இல் காட்டுமன்னார்கோவில் சட்டமன்றத் தொகுதியில் 87 ஓட்டில் தோற்றார். எண்பத்தேழு! எங்கள் காலனியில் ஒரு சந்தில் இருக்கிற ஓட்டு அது. 2019இல் 3,219 ஓட்டில் ஜெயித்தார். 2024இல் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இந்த வெற்றிகளைப் பார்த்து நம் பக்கத்துத் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கூட்டணி ஓட்டில் வந்த வெற்றி, பெரிய கட்சிகளுக்காகக் குரலைத் தணித்துக்கொண்டு வாங்கிய வெற்றி என்கிறார்கள். தோற்றபோது இருந்த சுத்தம் இப்போது இல்லையாம். இதில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தொகுதியில் தலித் ஓட்டு கணிசம், ஆனால் பெரும்பான்மை இல்லை. ஊர்த்தெரு ஓட்டும் விழுந்தால்தான் ஜெயிக்கலாம். பூனா ஒப்பந்தம் போட்ட முடிச்சு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கூட்டணிக்காரர் முகம் கோணாமல் சேரியின் கோபத்தைப் பேச வேண்டும் என்பது லேசான காரியம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வேறு வழி இல்லாமலோ, கட்சி சொன்னதாலோ, 2009இல் எங்கள் ஊர்த்தெருவில் சில பேர், நாங்கள் தேர்ந்தெடுத்த ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள். அதுவரை அவர்கள் தேர்ந்தெடுத்த ஆளுக்கு நாங்கள் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் மனசு மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. டீக்கடையில் அதைச் சொல்லும்போது அவர்களுக்குத் தொண்டை கட்டியது. ஆனாலும் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியது. முதலில் தோற்றுத் தோற்று இந்த ஓட்டு இங்கே இருக்கிறது என்று காட்டியிருக்காவிட்டால், எந்தப் பெரிய கட்சி இடம் கொடுத்திருக்கும்? தோல்விக்குச் சுத்தம், வெற்றிக்கு அழுக்கு என்று பிரித்துப் பார்ப்பது, பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு ரோட்டில் நடக்காதவர்களுக்கு வசதியான பிரிவினை.

என் பயம் வேறு. தோற்கும்போது கேள்வி கேட்க நாங்கள் கூசினோம். பாவம், நமக்காக நின்றாரே என்று விட்டுவிட்டோம். ஜெயித்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. நம்ம ஆளை நாமே கேட்டால் ஊர்த்தெருவில் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொள்கிறோம். ஆண்டை கை காட்டினவருக்குப் போட்ட காலத்தில் கேட்க முடியாமல் இருந்தோம். தானாக முடிவு செய்து போட்டவனும் கேட்காமல் இருந்தால், முடிவு செய்தது எதற்கு?

மாமா இப்போது இல்லை. அவர் செத்தது மழைக்காலத்தில். எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வரப்பைத் தடவித் தடவிப் போனோம். பிறத்தியார் வயல் என்பதால் அதற்கும் முதல்நாளே கேட்டு வைக்க வேண்டியிருந்தது.

2024இல் ஓட்டுப் போட அம்மாவை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஊர்த்தெருவில் இறங்காமலே போனோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. சேதி வந்த அன்று தெருவில் வெடி வெடித்தார்கள், பையன்கள் ஆடினார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஜெயிச்சிட்டாரில்ல, சந்தோசம். அந்தப் பாத விசயத்த எழுதிக் குடு. தோத்தப்பல்லாம் நம்மதான் வாயத் தொறக்கல. நான் போறதுக்குள்ள கேட்டு வையி."

எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வருகிறவரை அடுத்தடுத்து எழுதிக்கொண்டிருப்பேன். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த மனுதான்.