தோலின் சாட்சியம்

மனிதனைப் புறத்தோற்றங் கொண்டு மதிப்பிடலாகாது என்பது நாம் அனைவரும் ஒப்புக்கொள்ளும் அறம். ஆயினும் தோலில் ஒரு தேமல் தோன்றியவிடத்து அவ்வறம் எத்துணை விரைவில் நம்மைவிட்டு நீங்குகின்றது! தொழுநோயாளரை ஒதுக்கியோர் தம் செயலைக் கொடுமையெனக் கருதினரல்லர்; தற்காப்பு என்றே கருதினர். ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் அமைத்த விடுதியும், பின்னாளில் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் எழுந்த வைத்தியசாலையும் அக்கருத்திற் பிறந்தவையே. தற்காப்பு நியாயமானதென்றே கொள்வோம். கண் கண்ட அடையாளம் ஆபத்தின் அளவைச் சரிவர உரைத்ததா என்பதே ஈண்டு எழும் வினா.

மருத்துவம் தரும் விடை வியப்பிற்குரியது. உணர்ச்சியற்று, விளிம்பு தெளிந்து, எவர் கண்ணிலும் படும் ஓரிரு தேமல்களையுடையவரின் உடலிற் கிருமிகள் மிகச் சிலவே. அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றுவது அரிது. கிருமி மலிந்த உடலிலோ தொடக்கத்தில் அவை மங்கலாய், எல்லை தெரியாது தோலோடு கலந்து கிடக்கும். 1852 இல் மெக்சிக்கோவில் லூசியோ, அல்வராடோ என்னும் வைத்தியர்கள் விவரித்த வகை இன்னும் விசித்திரமானது. அதில் தேமலுமில்லை, கட்டியுமில்லை. தோல் முழுவதும் சீராகத் தடித்துச் சுருக்கங்கள் மறைய, முகம் இளமையுற்றாற் போலத் தோன்றும். 'அழகிய தொழுநோய்' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. புருவம் உதிர்வதைக் கவனியாதவர் அந்நோயாளியின் பொலிவைப் பாராட்டியுமிருப்பர்.

நம் மொழியும் இப்பிழைக்கு உடந்தை. தொற்றாத வெறும் நிறமிழப்பை 'வெண்குட்டம்' என்கிறோம். தொழுநோய்த் தேமல் பால்போல் வெளுப்பதில்லை. நிறம் மங்கும், உணர்ச்சி குன்றும். பேருந்தில், அவ்வாறு வெண்மை படர்ந்த கையுடைய முதியவரருகே இடமிருந்தும் நான் நின்றே வந்ததுண்டு. இவ்வேறுபாட்டை அன்று நான் அறியேன். அறிந்திருந்தால் அமர்ந்திருப்பேனா? அறியாமை நீங்கினால் அச்சமும் நீங்கும் என்போரின் வாதம் எனக்கு முழு நிறைவு தராமைக்கு இதுவே காரணம்.

அதற்காகப் பாராதிருப்பதும் அறமாகாது. தேமலைக் கண்டு வைத்தியரிடம் அனுப்புவார் இல்லையேல் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கும். 1981 இல் உலக சுகாதார ஸ்தாபனம் விதந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைக் குணமாக்குகின்றது. தொடங்கியதும் தொற்றுந்தன்மை விரைவில் அற்றுப்போகின்றது. எனினும் அம்மருந்துகளுள் ஒன்றான குளோபசிமின் தோலைச் செங்கருமையாக்கும். மருந்து நின்றபின் பல மாதங்கள் கழித்தே அது மெல்ல மறையும். மங்கிய தேமலோடு நடமாடிய காலத்தில் அவரை எவரும் நோக்கவில்லை. குணமாகிவரும் காலத்திலேயே ஊர் உற்று நோக்குகின்றது. அந்நிறத்திற்கு நாணி மருந்தைக் கைவிட்டோர் உளர். அக்குற்றத்தில் நோக்கியவருக்குப் பங்கில்லை என்று என்னாற் கூற இயலவில்லை.