சேனைத்தலைவரும் சேஷத்வமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



ப்ரஹ்மோத்ஸவத்திற்குக் கொடியேறும் முன்னரே, அங்குரார்ப்பணத்தன்று மாலையில் சேனை முதலியார் திருவீதியில் எழுந்தருளுவதைப் பல திவ்யதேசங்களில் ஸேவித்திருப்பீர்கள். விஷ்வக்ஸேனர் என்னும் திருநாமமுடைய அவர் வைகுண்ட ஸேனைக்கு அதிபதி. எம்பெருமானுடைய ஆட்சியெல்லாம் அவர் கைப்பிரம்பின் கீழ் நடப்பதாகப் பூர்வாசாரியர்கள் அருளிச்செய்வர். இத்தனை அதிகாரம் படைத்தவருக்குச் சேஷாசனர் என்றும் ஒரு திருநாமம் உண்டு. எம்பெருமான் அமுதுசெய்த சேஷத்தை உண்பவர் என்பது அதன் பொருள். பெரும்படைக்குத் தலைவர், பெருமாள் அமுதுசெய்து மிகுந்ததை உண்பவர் என்னும் இவ்விரண்டு பெருமைகளும் அவரிடத்தில் ஒன்றோடொன்று முரண்படவில்லை. தலைமை என்பதே தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத அடிமைத்தனந்தான் என்பதை அவர் நமக்குக் காட்டியருளுகிறார்.

இது நித்யஸூரிகளுக்குக் கூடும். வாளேந்திப் போர்க்களம் புகும் மானிடனுக்குக் கூடுமோ என்று ஐயம் எழலாம். கூடும் என்பதற்குக் கோபணார்யர் என்னும் சேனைத்தலைவரின் சரிதமே சான்றாகும். இவ்வுத்ஸவத்தை ஸேவிக்க வந்த அன்பர்கள் அச்சரிதத்தைச் சிறிது சிந்திக்க வேண்டும் என்பது அடியேனுடைய விண்ணப்பம்.

1311ஆம் ஆண்டில் மாலிக்காபூரின் படையெடுப்பினால் தமிழகம் கலங்கிற்று. பின்னர் 1323ஆம் ஆண்டில் தில்லியினின்றும் உலூக்கானின் படை தெற்கே வந்தபோது திருவரங்கம் பெருந்துன்பத்திற்கு ஆளாயிற்று. மூலவரான பெரியபெருமாள் ஸந்நிதியைக் கல்திரையிட்டு மறைத்துவிட்டு, உத்ஸவரான அழகிய மணவாளனைப் பிள்ளை லோகாசாரியரும் உடனிருந்த அடியார்களும் தெற்கு நோக்கி எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போயினர். முதுமையும் வழிநடையின் துயரமும் வருத்த, மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசாரியர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அடியார்கள் எம்பெருமானைக் கைவிடாமல் திருமாலிருஞ்சோலை, மலைநாடு, திருநாராயணபுரம் என ஊரூராகக் காத்து, முடிவில் திருவேங்கடமலையில் சேர்ப்பித்தனர் என்று குருபரம்பரையும் கோயிலொழுகும் கூறும். ஸ்வாமி வேதாந்த தேசிகனும் கர்நாடக தேசத்தில் ஸத்யாகாலம் என்னும் ஊரில் தங்கி, திருவரங்கத்தின் அச்சம் நீங்க வேண்டும் என்று அபீதிஸ்தவத்தை அருளிச்செய்தார்.

இவ்வாறு 48 ஆண்டுகள் கழிந்தன. திருவரங்கத்தில் அழகிய மணவாளனை ஸேவித்து வளர்ந்த சிறுவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். ஒருமுறையேனும் ஸேவிக்கப் பெறாமல் பிறந்து, வாழ்ந்து, மறைந்தவர்களும் உண்டு. நாம் இன்று திருவீதியில் நின்ற இடத்திலேயே எம்பெருமானை எளிதாக ஸேவிக்கிறோம்; அந்த எளிமை எத்தனை பேர் கண்ணீரால் நமக்குக் கிடைத்தது என்பதை மறத்தல் தகாது.

இக்காலத்தில் 1336ஆம் ஆண்டில் துங்கபத்திரைக் கரையில் விஜயநகர ராஜ்யம் தோன்றியது. அதனை ஆண்ட புக்கராயருடைய குமாரர் கம்பண உடையார் முளுவாயிலிருந்து படைநடத்தி, முதலில் தொண்டைமண்டலத்தில் சம்புவராயரை வென்று, பின்னர் மதுரையில் ஆண்டுவந்த ஸுல்தான்களை எதிர்த்தார். அவருடைய தேவியான கங்காதேவி இவ்வெற்றிகளை மதுராவிஜயம் என்னும் ஸம்ஸ்க்ருத காவியமாகப் பாடியுள்ளார். அந்தக் கம்பண உடையாரின் ஸேனாபதிகளுள் ஒருவரே நம் கோபணார்யர். குலத்தால் அந்தணர், தொழிலால் படைத்தலைவர், செஞ்சியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு அச்சீமையை நிர்வகித்தவர்.

அவர் திருமலைக்குச் சென்று ஸேவித்தபோது, அங்கே எழுந்தருளியிருந்த அரங்கநாதனைக் கண்டு, தம் ஊராகிய செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வந்தார். செஞ்சிக்கு அருகே சிங்கவரம் என்னும் ஊரில் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அங்கே பள்ளிகொண்ட திருக்கோலத்தில் எம்பெருமான் ஸேவை ஸாதிக்கிறான். அத்தலத்தில் அழகிய மணவாளனை வைத்து ஆராதித்தார் என்பது மரபு.

அன்பர்களே, இச்சரிதத்தின் உயிர்நிலை இவ்விடத்தில் இருக்கிறது. சற்று நின்று நோக்குங்கள். அரங்கநாதன் இப்போது ஒரு படைத்தலைவரின் ஊரில் இருக்கிறான். அவருக்குக் கோட்டை உண்டு, படை உண்டு, செல்வம் உண்டு. திருவரங்கமோ இன்னும் பகைவர் வசத்தில் இருக்கிறது. "எம்பெருமான் திருவுள்ளம் உகந்து என் ஊருக்கு வந்துவிட்டான், இனி இதுவே திருவரங்கம்" என்று அவர் சொல்லியிருந்தால் மறுப்பவர் யார்? உயிரைப் பணயம் வைத்து ஒரு போரை நடத்தி, அதில் வென்றதற்குப் பலனாகத் தம் ஊரிலிருக்கும் நிதியை இழப்பதென்றால், அப்படிப்பட்ட போருக்கு எவன் புறப்படுவான்?

விபீஷணாழ்வானை நினையுங்கள். சக்கரவர்த்தித் திருமகன் தந்தருளிய ஸ்ரீரங்க விமானத்தை இலங்கைக்குக் கொண்டுபோக விரும்பிச் சென்றான். காவிரி நடுவே எம்பெருமான் தங்கிவிட்டபோது கண்ணீர் பெருக்கி வருந்தினான். உன் திசையை நோக்கியே பள்ளிகொள்வோம் என்று எம்பெருமான் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று. பரமபக்தனாகிய அவனுக்கும் பிரிவு பொறுக்கவில்லை. அப்படியிருக்க, தம் ஊருக்கே வந்து சேர்ந்த அரங்கனைத் தாமே முன்னின்று திருப்பி எழுந்தருளப்பண்ணிய கோபணார்யரின் நெஞ்சுறுதியை என்னென்று சொல்வது!

போர்க்காரியமும் எளிதாயிருக்கவில்லை. திருவரங்கத்திற்கு வடக்கே, ஸமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் மதுரை ஸுல்தானின் படை தங்கியிருந்தது. அவ்வூர் முன்பு ஹொய்ஸள மன்னர்களின் தென்னாட்டு ராஜதானியாயிருந்து அரண் பெற்ற இடம். அதனை வென்றாலன்றித் திருவரங்கத்தில் எம்பெருமான் எழுந்தருளியிருக்க இயலாது. கோபணார்யர் அவசரப்படவில்லை; அங்குள்ள அடியார்கள் வாயிலாகப் பகைவர் நிலையை அறிந்து, உரிய காலத்தில் படையுடன் சென்று வென்றார் என்று கோயிலொழுகு கூறும்.

சகாப்தம் 1293ஆம் ஆண்டில், அதாவது 1371இல், இரண்டு நாச்சிமாரோடும் அரங்கநாதனைத் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்தார். இச்செய்தியைக் கூறும் இரண்டு ஸம்ஸ்க்ருத சுலோகங்கள் இன்றும் திருவரங்கம் கோயில் மதிலில் கல்லெழுத்தாக விளங்குகின்றன. ஆண்டினை எழுத்துகளால் எண்ணைக் குறிக்கும் முறையிலே அக்கல்வெட்டு சொல்லியிருக்கிறது. அச்சுலோகங்கள் ஸ்வாமி தேசிகன் அருளிச்செய்தவை என்பது ஸம்ப்ரதாயம்.

அந்தக் கல்வெட்டை வாசிக்கும்போது அடியேன் நெஞ்சைத் தொடுவன மூன்று. முதலாவது: செஞ்சியில் அவர் எம்பெருமானை ஆராதித்ததைக் கூறுமிடத்து, சிறிது காலம் ஆராதித்தார் என்றே அமைந்திருப்பது. எத்தனை ஆண்டானாலும் காவலனுக்கு அது "சிறிது காலந்தான்", உடைமை அவனுடையதன்று. இரண்டாவது: அவரைப் புகழின் கண்ணாடி என்று போற்றியிருப்பது. கண்ணாடிக்குத் தன் ஒளி என்று ஒன்றில்லை. எதிரே நிற்பவருடைய திருமுகத்தையே காட்டும். ஸந்நிதியில் கண்ணாடி ஸேவை நடக்கும்போது எவரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதில் தோன்றும் பெருமாளையே ஸேவிக்கிறோம். மூன்றாவது: பகைவரை வென்றதோடு நில்லாமல், நான்முகனைப் போல மீண்டும் திருவாராதனம் நடக்கச் செய்தார் என்று முடித்திருப்பது. வெற்றி வழியேயன்றி முடிவன்று. காலையில் திருப்பள்ளியெழுச்சி நடக்க வேண்டும், தளிகை அமுதுசெய்விக்க வேண்டும், திருவிளக்கு எரிய வேண்டும். இதற்காகவே அவருடைய வாள் உறையினின்றும் வெளிப்பட்டது. வெறுப்பினால் எடுத்த வாளுக்கு ஓய்வு கிடையாது. கைங்கர்யத்திற்காக எடுத்த வாள் கைங்கர்யம் தொடங்கியவுடன் உறையில் அடங்கும்.

இன்னும் ஒரு செய்தி. இடைப்பட்ட காலத்தில் திருவரங்கத்தில் வேறொரு உத்ஸவத் திருமேனியை எழுந்தருளப்பண்ணியிருந்தனர். ஆகவே பழைய அழகிய மணவாளன் எவர் என்ற ஐயம் ஊராருக்கு எழுந்தது. நேரில் ஸேவித்தவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். படைபலத்தால் ஊரை மீட்ட தலைவர், இவ்விஷயத்திலும் தம் ஆணையையே ப்ரமாணமாக்கியிருக்கலாம். ஆனால் தீர்ப்புச் சொன்னவர் ஈரங்கொல்லி என்னும் முதியவர். எம்பெருமானுடைய திருப்பரிவட்டங்களைத் துவைத்துவந்தவர். கண்பார்வையும் அவருக்குப் போய்விட்டது. இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்து கொடுக்க, அந்தத் தீர்த்தத்தைப் பருகி, அதன் மணத்தாலும் சுவையாலும் இவரே நம்முடைய பெருமாள் என்று அறிவித்தார். நம்பெருமாள் என்னும் திருநாமம் அன்று முதல் வழங்கலாயிற்று என்பர். சேனாபதி கொண்டுவந்து சேர்த்த எம்பெருமானுக்குப் பேர் சூட்டியவர் வண்ணார் ஒருவர்! அடிமைத்தனம் என்னும் ஒரே துலாக்கோலில் இருவரும் ஸமமாக நின்றார்கள்.

பாகவதர்களே! நம்மில் படைநடத்துவோர் சிலரே. ஆயினும் ஏதேனும் ஒன்றைக் காவல் செய்யாதவர் எவரும் இலர். வீடு, பதவி, நிலம், மக்கள், கல்வி ஆகிய யாவும் நம் கையில் சிறிது காலம் இருப்பவை. உத்ஸவத்தில் மண்டகப்படி உபயம் நடத்துவோரும், முதல் தீர்த்தத்திற்கும் பரிவட்டத்திற்கும் உரியவர்களும், திருவடி தாங்குவோரும், ஸந்நிதியில் திருமேனி தீண்டிக் கைங்கர்யம் செய்யும் அர்ச்சகர்களாகிய எங்களைப் போன்றவர்களும் இதனை இன்னும் நெருக்கமாக உணர வேண்டியவர்கள். எங்கள் முறை முடிந்தவுடன் திருவாபரணங்களை எண்ணிக் கணக்கு ஒப்புவித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறோம். அந்தச் சாவி கைமாறும் நேரத்தில் மனம் கனக்கிறதா, குளிர்கிறதா என்பதே ஒருவன் கைங்கர்யபரனா, உடையவனாக எண்ணித் திரிபவனா என்பதற்குப் பரீட்சை. எனக்கு முன்மரியாதையா, உனக்கு முன்மரியாதையா என்று திருவீதியில் எழும் சிறு பூசல்களும் இப்பரீட்சையில் நாம் தோற்பதாலேயே உண்டாகின்றன.

நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் பாதுகையைத் தலைமேல் வைத்து ராஜ்யத்தைக் காத்த பரதாழ்வான், பெருமாள் மீண்டபோது பண்டாரத்தைப் பதின்மடங்காக்கி ஒப்புவித்தான் என்று வால்மீகி பகவான் அருளிச்செய்கிறார். திருப்பித் தருவது மட்டுமன்று, பெருக்கித் தருவதே சேஷனுக்கு அழகு. கோபணார்யரும் அவ்வாறே அரங்கனைத் திருவரங்கத்தில் சேர்த்ததோடு, நின்றுபோன ஆராதனத்தையும் முறைப்படி நிலைநாட்டிக் கொடுத்தார்.

இன்று திருத்தேர் வடத்தைப் பற்றும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வடம் பலர் கைமாறி நம் கைக்கு வந்தது; நம் கையினின்றும் மற்றவர் கைக்குப் போகும். பற்றியிருக்கும் அளவும் முழுவலிமையோடு இழுப்பதும், விடவேண்டிய இடத்தில் மகிழ்ந்து விடுவதும் நமக்கு ஸ்வரூபம். அத்தகைய நெஞ்சைச் சேனை முதலியாரும், அவர் வழிநின்ற அடியார்களும் நம் அனைவருக்கும் அநுக்ரஹிப்பார்களாக. நம்பெருமாள் திருவடிகளே சரணம்.

சுபமஸ்து.