தாழ்வாரத்துக் கூடும் அபயதானமும்



நம் திருவறம் இல்லறத்தாருக்கு நான்கு தானங்களை விதித்துள்ளது. ஆகாரதானம், ஔஷததானம், சாஸ்திரதானம், அபயதானம் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் ஓரளவு செய்து வருகிறோம். முனிவர்களுக்கு ஆகாரம் அளிக்கிறோம்; நோயுற்றோருக்கு மருந்து வாங்கித் தருகிறோம்; நூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். நான்காவதாகிய அபயதானம் அஞ்சிய உயிருக்கு அச்சம் நீக்குவது. அதற்குப் பொருள் வேண்டா. இடம் கொடுத்தல் போதும். ஆயினும் அதனைத்தான் நாம் மிகுதியாக மறந்து விடுகிறோம். நான் மறந்த கதையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் எங்கள் இல்லம். சுற்றிலும் காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் உள்ளன. எங்கள் முன் தாழ்வாரத்தின் கூரை அடியில் தகைவிலான் குருவிகள் ஆண்டுதோறும் கூடு கட்டும். முதுகு கருநீலம், வால் பிளவுபட்டிருக்கும், வாலுக்கு மேலே செம்மை படர்ந்திருக்கும். செம்பிட்டத் தகைவிலான் என்பர். ஆணும் பெண்ணும் ஈரமண்ணை அலகால் சிறு சிறு உருண்டையாக எடுத்து வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பாதிக் குடுவையைக் கவிழ்த்தாற்போலக் கூடு சமைக்கும். நுழைவதற்கு நீண்டதொரு குழல்வழியும் உண்டு. நூற்றுக்கணக்கான உருண்டைகள், கொத்தனாரும் இல்லை, கரண்டியும் இல்லை.

1996ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் இல்லத்தில் ஒரு மங்கல நிகழ்ச்சி. வெள்ளையடிக்க ஆள் வைத்தோம். தாழ்வாரத்தில் மூன்று கூடுகள் இருந்தன. கீழே எச்சம் விழுந்து தரை கறைபட்டிருந்தது. ஏணி மேல் நின்ற அந்தத் தொழிலாளி கையை நிறுத்தி, "அம்மா, உள்ளே குஞ்சு கத்துதுங்க. இந்தப் பக்கத்தை மட்டும் பிறகு செய்யலாமா?" என்று கேட்டார். "விருந்தினர் வரும் நேரம், எல்லாவற்றையும் சுரண்டி விடுங்கள்" என்றேன் நான். அன்று காலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யம் பற்றிப் பாடம் நடத்தி விட்டு வந்தவள்தான் இதைச் சொன்னேன். இரண்டு நாட்கள் அப்பறவைகள் வெறும் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. பிறகு காணவில்லை.

"நானா கூட்டைத் தொட்டேன்?" என்று மனம் சமாதானம் சொல்லிற்று. அந்தச் சமாதானத்தை நம் ஆசாரியர்கள் முன்னமே அடைத்து வைத்துள்ளனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூன்று வகை. மனம், மொழி, மெய் என அதற்கு வாயில்கள் மூன்று. ஆக ஒன்பது வழியாலும் தீவினை நம்மிடம் வந்து சேரும். ஏணி மேல் நின்றவர் தயங்கினார்; கீழே நின்ற நான் ஏவினேன். அவர் கையால் நிகழ்ந்தது என் வாயால் பிறந்தது. கரணத்தை விடக் காரணமே கனத்தது.

அவ்வாண்டு தசலக்ஷண பர்வம் முடிந்து, வழக்கப்படி உற்றார் உறவினரிடம் எல்லாம் பிழை பொறுக்குமாறு வேண்டிக் கொண்டேன். அந்தப் பறவைகளிடம் எம்மொழியில் வேண்டுவது? நெடுநாள் எண்ணிய பின் ஒன்று தெளிந்தது. அவற்றுக்குத் தெரிந்த மொழி ஒன்றே. அது வெறுமையாய் விட்ட சுவர், கலைக்காத கூடு. அன்று முதல் சித்திரையிலிருந்து புரட்டாசி முடிய அத்தாழ்வாரத்தில் வெள்ளையடிப்பதில்லை என விரதம் கொண்டேன். நான்காம் ஆண்டில் ஓர் இணை வந்தது. இப்போது ஐந்து கூடுகள் உள்ளன.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். "தகைவிலான் பூச்சிகளைத் தின்னும் பறவை. அதற்கு இடம் கொடுத்தால் அப்பூச்சிகளின் கொலைக்கு நாமும் உடன்பட்டவர் ஆகோமா?" நல்ல வினா. பழைய டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையிலும் இவ்வினா எழுந்தது. அங்கே ஊனுண்ணும் பறவைகளை உள்நோயாளிகளாகத் தங்க வைப்பதில்லை. ஆனால் வந்தவற்றுக்கு மருந்திட்டு அனுப்புகிறார்கள். துன்புறும் உயிரைக் கைவிடவும் இல்லை. ஊன் ஊட்டவும் இல்லை.

இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காகப் பகுத்துரைப்பர். எண்ணித் துணிந்து செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், துப்புரவு முதலியவற்றில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை அறவே விடுதல் சிராவகரின் கடமை. ஏனையவற்றைக் குறைத்தல் நெறி. பறவை தன் இயல்பால் உண்கிறது. நாம் அதற்கு இரை பிடித்துத் தருவதில்லை. ஆனால் கூட்டைச் சுரண்டுவது எண்ணித் துணிந்த செயல். ஆகவே என் குற்றம் முதல் வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயம் இல்லை.

காக்கும் ஆர்வமும் கொலையில் முடியலாம் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். இதே தகைவிலான் குடும்பத்தைச் சேர்ந்த பர்பிள் மார்ட்டின் என்னும் பறவை வட அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டுப் பழங்குடியினர் நெடுங்காலமாகச் சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டு அதற்கு இடம் அளித்தனர். இன்று ராக்கி மலைக்குக் கிழக்கே அப்பறவை ஏறக்குறைய முழுவதும் மனிதர் வைக்கும் கூடுகளையே நம்பி வாழ்கிறது. ஐரோப்பாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங் பறவையும் அக்கூடுகளைக் கவர்ந்து கொள்வதால், பலர் அவற்றைப் பொறி வைத்துப் பிடித்துக் கொன்று விடுகின்றனர். ஓர் உயிருக்கு அபயம் தர மற்றோர் உயிரைப் பலியிடுதல் அபயதானம் ஆகுமா? வேறு சிலர், ஸ்டார்லிங் நுழைய முடியாதபடி பிறை வடிவில் வாயில் அமைத்துக் கூடு வைக்கிறார்கள். உயிர் போகாமலே வழி அடைபடுகிறது. இவ்வாறு யோசித்துச் செய்வதே நம் நெறிக்கு உகந்தது.

நம் தமிழகத்திலும் இவ்வறம் புதிதன்று. வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டுப் பெற்றனர். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி நீர்நிலைக்கு வரும் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூழைக்கடாவும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் உண்டு என்றாலும் அவ்வூரார் அவற்றைத் துரத்துவதில்லை. இவர்கள் எவரும் நம் சாத்திரங்களைப் பயின்றவர் அல்லர். பயின்ற நாம் அவர்களுக்குப் பின் நிற்கலாமா? தீபாவளி நமக்கு மகாவீர பகவான் வீடுபேறு எய்திய திருநாள். அந்நாளில் ஓர் உயிரும் நம்மால் நடுங்கக் கூடாது.

தாய்மார்களே, இது எளிய நோன்பு. கூட்டின் கீழே ஒரு முழம் தள்ளி ஒரு பலகை அடித்தால் எச்சம் தரையில் விழாது. காய்ந்த எச்சத்தைப் பெருக்காமல் நீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு அகற்றுங்கள், செடிகளுக்கு உரமாகும். முற்றமெல்லாம் சிமெண்டுத் தளம் ஆகிவிட்டதால் பறவைக்கு ஈரமண் கிடைப்பதில்லை; கோடையில் ஒரு தாம்பாளத்தில் மண்ணைக் குழைத்து வையுங்கள். தாழ்வார விளக்கை அந்தியிலேயே அணையுங்கள். இரவு உண்ணாமை நோன்பு காக்கும் இல்லத்துக்கு இது பாரம் அன்று. விளக்கில் விழுந்து மடியும் பூச்சிகளும் பிழைக்கும். பூச்சி மருந்து தெளிக்காதீர்கள். காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமாகலாம். ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி அன்று, வினைக்கு அஞ்சி இதைச் செய்யுங்கள்.

அன்று ஏணி மேல் நின்று தயங்கிய அந்தத் தொழிலாளியை நான் மறந்ததில்லை. முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்குப் பாடம் சொன்னவர் அவர். அன்று நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் எவரேனும் நாளை ஏணியின் கீழே நிற்க நேரிடலாம். மேலே இருப்பவர் "குஞ்சு கத்துகிறது" என்று சொன்னால், தயவு செய்து அவரைக் கீழே இறங்கச் சொல்லுங்கள். சுவர் காத்திருக்கும், குஞ்சு காத்திருக்காது.

எல்லா உயிரும் இன்புறுக. அறம் வளர்க!