சோறும் அரிதாரமும்

நாடகம் நடந்து முடிந்த இடத்தில் மறுநாள் போய்ப் பார்க்க எதுவும் இருக்காது. ஓவியருக்குப் பின் ஓவியம் இருக்கிறது, எழுத்தாளருக்குப் பின் நூல் இருக்கிறது. நடிகர் விட்டுப்போவது பார்த்தவர்களின் நினைவை மட்டும்தான். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கலை அவருடைய குரலிலும் காலிலும் முதுகிலும் குடியிருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுவது அவர் சொல்லிவைத்த பேச்சு. தமிழ் நாடகத்தின் வரலாறாக இன்று நம் கையில் இருப்பதில் பெரும்பகுதி நாடகக்காரர்களே சொன்னதும் எழுதியதும்தான். அதனால் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது கனமான வேலை. எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே எது மிஞ்சும் என்பதும் அமைகிறது.

அந்தப் பேச்சுகளையும் நினைவு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கலையைப் பற்றிக் கேட்டால் நாடகக்காரர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார். வருமானத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு பாட்டைப் பாடிக் காட்டுவார். கேட்பவர்தான் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடுகிறார். எப்படிப் பிழைத்தார் என்பதை விட்டுவிட்டு எப்படி நடித்தார் என்பதை மட்டும் எழுதினால், எழுதியது பாதிகூட ஆகாது.

சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபை தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. பின்னாளில் வழக்கறிஞராகி, நீதிபதியாகவும் இருந்தவர். சபையில் அவரோடு நடித்தவர்களும் படித்தவர்கள், வேறு தொழிலில் சம்பாதித்தவர்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் ஏறியவர்தான். பம்மல் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் ஒத்திகை, உடை, பாடம் மறந்த நடிகர்கள், தன்னோடு கதாநாயகியாக நடித்த நண்பர் ரங்கவடிவேலுவின் மேல் வைத்த அன்பு எல்லாம் வருகின்றன. பசி வருவதில்லை. வசூல் குறைந்தால் அடுத்த வேளை என்ன என்ற கவலை அந்த மேடையில் இல்லை. நாடகக்காரர் என்ற சொல்லுக்கே மரியாதை இல்லாத காலத்தில், உத்தியோகஸ்தர்கள் நடித்ததால் நாடகத்துக்குச் சமூகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த மரியாதையைத் தேடிக் கொடுத்தது சம்பளம் வாங்காத நடிப்பு என்பதை மறக்கக் கூடாது. சம்பளத்துக்கு நடித்தவர்களுக்கு அது போய்ச் சேர வெகு காலம் ஆனது.

சம்பளத்துக்கு நடித்தவர்களின் கதையை முழுதாகச் சொன்னவர் ஔவை தி.க. சண்முகம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சகோதரர்களோடு சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அவருடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடம் கட்டிய ஸ்திரீபார்ட் நடிகர். ‘எனது நாடக வாழ்க்கை’யில் வரும் கம்பெனி வீடு பள்ளிக்கூடம், விடுதி, பட்டறை மூன்றும் சேர்ந்தது. காலையில் பாட்டு, பிறகு பாடம், இரவில் நாடகம். பையன்களுக்குச் சோறும் துணியும் கம்பெனி பொறுப்பு. பல ஏழை வீடுகளில் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பியதற்கு முதல் காரணம் கலை ஆர்வம் இல்லை, மூன்று வேளைச் சோறு. அந்தச் சோற்றுக்காகப் போன பையன்களிடமிருந்துதான் ஒரு நூற்றாண்டுக் காலத் தமிழ் நடிப்பு பிறந்தது. எம்.ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள், என்.எஸ். கிருஷ்ணன் சண்முகம் சகோதரர்களின் கம்பெனியில் இருந்தவர்.

சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததாகச் சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அபிமன்யுவாக நடிக்கப் போகிறவர் சிறுவன் சண்முகம்தான். வாத்தியார் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து எழுதியதை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலிருந்த பிள்ளை மனப்பாடம் செய்து மேடையில் பாடியிருக்கிறது. சுவாமிகளின் கவித்துவம் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கம்பெனிக்குப் புது நாடகம் தேவைப்பட்ட அவசரமும், எந்தப் பையனுக்கு எந்தச் சுருதி எட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததும் அந்த ஒற்றை இரவுக்குள் இருக்கின்றன. படைப்பு எப்படி நிகழ்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது.

அந்த வாழ்க்கையின் கொடுமையான இடம் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனின் குரல் உடையும். அதுவரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கைதட்டல் வாங்கியவன் ஒரு மாதத்தில் பாட முடியாதவனாகிவிடுவான். ஒலிபெருக்கி வராத காலம் அது. கடைசி வரிசைவரை குரல் எட்டியாக வேண்டும். குரல் போனவனுக்குச் சேவகன் வேடம் கிடைக்கலாம், கிடைக்காமல் வீட்டுக்கே அனுப்பப்படலாம். சிலருக்குக் குரல் வேறு கனத்தோடு திரும்பி வந்தது. திரும்பாதவர்களில் சிலர் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் போனார்கள், சிலர் சிரிப்பு வேடத்தில் தங்களை நிறுத்திக்கொண்டார்கள், பலர் பெயர் தெரியாமல் போனார்கள். பதினான்கு வயதிலேயே தொழில் முடிந்துபோகலாம் என்ற பயத்தோடு வளர்ந்த ஒரு தலைமுறை, பிறகு வசனத்தையும் முகபாவத்தையும் அவ்வளவு அழுத்தமாகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. பாட்டு கைவிட்டாலும் பிழைக்க வேண்டியிருந்தது.

கம்பெனிகள் கலைந்த பிறகும் சுவாமிகளின் பாடல்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களில் கோயில் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ வைப்பது இன்றும் வழக்கம். இதில் குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கிய அன்றே ஒப்பந்தம் முடிந்தது. முன்பின் பார்க்காதவர்கள் இரவு பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் சந்திக்கும்போது ஊர், பேர் விசாரிப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது “எத்தனை கட்டை?” என்பதுதான். பாடும் சுருதி தெரிந்தால் போதும், மற்றது தானாக நடக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் ஒருவர் பாட்டை ஒருவர் மடக்குவார்கள். எந்த அடியில் எதிராளி தடுமாறுவார் என்று இருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. விடிய விடிய அப்படியே போகும். தெரியாதவரோடு மேடையேறி ஜெயிப்பதில்தான் அந்த நடிகரின் பேர் இருக்கிறது, அந்தப் பேர்தான் அடுத்த தாம்பூலத்தைக் கொண்டு வருகிறது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இலங்கையில் இப்படித்தான் ஒரே மேடையில் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

வடக்கே, தெருக்கூத்துக்காரர்களின் கணக்கு வேறு. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் கூத்தாடிகள் பலர் விவசாயிகள், கூலிக்காரர்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகத் திருவிழா நடக்கும் மாதங்களில் உடம்பு கூத்துக்கு, மற்ற மாதங்களில் நிலத்துக்கு. அவர்களோடு பேச நல்ல நேரம் சாயங்காலம், வேடம் கட்டும் இடம். பாய் விரித்து, கைக்கண்ணாடியை மடியில் சாய்த்து, ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரம் அடியில், அதன்மேல் கோடுகளும் புள்ளிகளும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையையும் கிரீடத்தையும் கட்ட இன்னொருவர் கை வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையின் நடுவில்தான் யார் யாரிடம் கற்றார், எந்த ஊரில் கூலியில் குறைத்தார்கள், யார் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்ற செய்தியெல்லாம் வரும். கிரீடம் ஏறிவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

பாரதப் போரின் பதினெட்டாம் நாளைக் காட்டுவது காலையில் நடக்கும் படுகளம். மைதானத்தில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் வெயில் ஏறிய பிறகும் வேடம் கலைக்காமல் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். அரிதாரம் வேர்வையில் வழியும், சலங்கைக் கட்டு கணுக்காலை அறுக்கும், ஊரே சுற்றி நிற்கும். அந்த நேரத்தில் ஊர்க்காரர் வேடம் கட்டியவரை நடிகராகப் பார்ப்பதில்லை. மறுநாள் அதே மனிதர் ஏர் பிடிக்கவோ கூலிக்கோ போவார். இரண்டு நாளும் அவருடையவைதான். முதல் நாளை மட்டும் படம் பிடித்துப் போகிறவர்களுக்குக் கூத்து புரிந்ததாகச் சொல்ல முடியாது.

ந. முத்துசாமிக்கு அது புரிந்திருந்தது. சிறுகதை எழுத்தாளரான அவர் புரிசைக் கிராமத்துக் கூத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் தமிழனின் நாடக அரங்கு என்ற முடிவுக்கு வந்தார். கூத்து பற்றிய அவருடைய கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலாக வந்தன. 1977-இல் அவர் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து இளைஞர்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார். பின்னர் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி வந்தபோது, நவீன நாடகத்தில் முழுநேர நடிகர் என்ற ஒரு வேலை தமிழில் முதல்முறையாக உண்டானது. காலையில் உடற்பயிற்சி, சிலம்பம், குரல் பயிற்சி, மாலையில் ஒத்திகை, மாதம் பிறந்தால் ஒரு தொகை. தொகை சிறியது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் உடம்பைப் பதப்படுத்த நேரம் கிடைத்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்களின் நடிப்பில் தெரியும் அந்த அசையாத நிதானம் அங்கே சேர்த்தது. விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். இவர்களோடு பேசுபவர்கள் பெரும்பாலும் கூத்துப்பட்டறைக் காலத்தைச் சினிமாவுக்கு முந்தைய கஷ்டகாலம் என்று இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது வருத்தத்துக்குரியது. பத்து ஆண்டு பயிற்சியைக் காத்திருப்பு என்று எழுதினால், சினிமாவுக்குப் போகாமல் அங்கேயே இருந்தவர்களின் வாழ்வு தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடும். அவர்கள் தோற்றவர்கள் இல்லை.

நடிகைகளின் பேச்சு இன்னும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. பாலாமணி அம்மாள் பெண்களை வைத்துக் கும்பகோணத்தில் கம்பெனி நடத்திப் பெரும் புகழ் பெற்றவர். அவர் தன் வாழ்க்கையைச் சொல்லி ஒரு நூல் நமக்கு இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரைப் பக்கம் தங்கி ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு நெருங்கிப் பழகி எழுதிய ஆய்வு 2005-இல் வெளியானது. அவர் கேட்டது மேடைக்கலையை மட்டும் இல்லை. நாடகத்துக்குப் போகும் நடிகை எங்கே நிற்கிறார், எதில் ஏறுகிறார், யார் கண்ணில் படாமல் ஊரைத் தாண்டுகிறார் என்று போகும் வழியையே அவர் கவனித்தார். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசும் பெண், சாலையில் குடும்பப் பெண்ணாக மறைந்து போக வேண்டிய கட்டாயம் அதில் தெரிந்தது. அந்தக் கட்டாயத்தைச் சமாளிக்கும் திறமையும் அந்தப் பெண்ணின் நடிப்பில் ஒரு பகுதிதான்.

மேடையில் பெண் யார் என்ற கேள்விக்கு நாடகமே பதில் சொன்ன ஒரு தருணமும் உண்டு. சண்முகத்துக்குப் பட்டப்பெயர் வாங்கித் தந்த ஔவை, ஓர் ஆண் உருகி நடித்த பக்திப் பாட்டி. கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’யில் வருபவள் சங்ககாலப் பாணர் மரபில் வந்த, ஆடிப்பாடிச் சுற்றித் திரியும் இளையவள். மங்கையின் நாடகத்தில் நடித்த பெண்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் பாத்திரத்திலிருந்து அவரவர் வீட்டுக்குப் பேச்சு போய்ச் சேரும். இரவில் ஒத்திகை முடிந்து யார் கூட்டிப் போவது, சோறாக்கியது யார் என்று. போகட்டும், அதைத் தடுக்கக் கூடாது.

எல்லா உரையாடலிலும் கடைசியில் வரும் கேள்வி ஒன்றுண்டு: உங்கள் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்பீர்களா? இதற்கு மட்டும் யாரும் உடனே பதில் சொல்வதில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் சம்பாதித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் பலர், அந்தப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதைத்தான் தங்கள் வெற்றியாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கலை அழிகிறதே என்று அவர்களிடம் வருத்தப்படுவது நியாயம் இல்லை. அவர்கள் பட்டதை நாம் படவில்லை. நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாத உதவி, முதுமைக்கு ஓர் ஊன்றுகோல் ஆகுமே ஒழிய, இருபது வயதுக்காரரைத் தொழிலுக்குள் இழுக்காது.

வேறு விதமாக முயன்றவர்களும் இருக்கிறார்கள். பத்து வயதிலேயே கூத்துக்கு வந்துவிட்ட பெ. ராஜகோபால், தன் மனைவி ஹன்னே டி புருயினோடு சேர்ந்து காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துக் குருகுலத்தை 2002-இல் தொடங்கினார். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையின் கீழ். பையன்களோடு பெண் பிள்ளைகளும் கற்றார்கள், ஆண்களே ஆடிவந்த வேடங்களைக் கட்டினார்கள். கூத்துக்காகப் படிப்பை இழக்க வேண்டாம், படிப்புக்காகக் கூத்தை இழக்க வேண்டாம் என்ற ஏற்பாடு அது. 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தன் குடும்பக் குழுவை நடத்திவருகிறார். பாரதக் கதைகளோடு பிரெக்டின் நாடகத்தையும் மார்க்கேசின் கதையையும் கூத்தில் ஆடிய குழு அது. தம்பிரான் நினைவாக அங்கே நடக்கும் நாடக விழாவில் கூத்துக் குழுக்களும் நகரத்து நாடகக் குழுக்களும் ஒரே மேடையில் இரவு முழுக்க ஆடுகின்றன. சென்னையிலிருந்து போகும் இளம் நடிகர்கள் பலர் மறுநாள் காலை வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள்.