இன்னும் ஒரு ஆல்பம்

ஜூடாஸ் ப்ரீஸ்ட் இன்னும் ஒரு ஆல்பம் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. இதில் என்ன தப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரசிகன்னா ஆசைப்படத்தான் செய்வான். ஆனால் என் ஆசையை யாருடைய கை நிறைவேற்ற வேண்டியிருக்கிறது என்று யோசித்த நாளிலிருந்து அது அவ்வளவு எளிதாக இல்லை.

பர்மிங்ஹாம் பக்கத்து பேண்ட். முதல் ஆல்பம் 1974இல் வந்தது. கடைசியாக வந்த ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ 2024 மார்ச்சில், அது பத்தொன்பதாவது. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் 1951இல் பிறந்தவர், கிட்டாரிஸ்ட் க்ளென் டிப்டன் 1947இல். தனக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது என்று டிப்டன் 2018 பிப்ரவரியில் வெளியே சொன்னார். ‘ஃபயர்பவர்’ ஆல்பம் வர அப்போது ஒரு மாதம்கூட இல்லை. சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் வாசித்தவர் ஆண்டி ஸ்னீப், அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

‘பெயின்கில்லர்’ பாட்டில் டிப்டனின் ஸோலோவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த வலது கை என்ன செய்யும் என்று. சின்னஞ்சிறு அசைவு, ஒரே அளவில், மறுபடி மறுபடி, தாங்கமுடியாத வேகத்தில். பார்க்கின்சன் முதலில் பறிப்பதே இதைத்தான். கை நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்த அறிகுறி. அதைவிட ஒரு கிட்டாரிஸ்டுக்குக் கொடுமையானது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாகி, மெதுவாகி, இறுகிப்போவது.

ஆசைப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்பார்கள். தனி ஆள் ஆசைக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் லட்சம் பேர் சேர்ந்து ஆசைப்பட்டால் அது வேறு பொருள். 2022 ஜனவரியில் ப்ரீஸ்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இனி ஸ்னீப் இல்லை, நான்கு பேராக, ஒற்றைக் கிட்டாரோடு மேடையேறப் போகிறோம். ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது; அந்த யோசனை தன்னுடையதுதான் என்று ஹால்ஃபோர்ட் பின்னர் சொன்னார்.

கொதித்தவர்களில் நானும் ஒருவன். டிப்டனின் இடத்தை எப்படிக் காலியாக விடலாம், அது அவருக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா என்றெல்லாம் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது இரண்டு கிட்டார்களின் சத்தம். அதைக் கேட்க ஒரு நோயாளியின் பெயரை முன்னால் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. விசுவாசம்னு நாம சொல்றதுல பாதி இப்படித்தான் இருக்கிறது.

அப்படியானால் ‘பாவம், போதும், ஓய்வெடுக்கட்டும்’ என்று சொல்வது நல்ல மனசா? அதையும் சொல்லிப் பார்த்தேன். அதுவும் நம் வாயில் வரக்கூடாத பேச்சுதான் என்று தோன்றியது. டிப்டன் பேண்டை விட்டுப் போகவில்லை. சில ஊர்களில் கடைசிப் பாட்டுகளுக்கு மேடையேறி வாசித்தார். ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ பாட்டுகளை எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் வேலையைத் தான் விரும்பிய அளவுக்குச் செய்துகொண்டிருக்கிறார். ‘இன்னும் கொடு’ என்பவனும் ‘போதும் விடு’ என்பவனும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். ரெண்டு பேருமே தங்களை முதலாளியாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு கிட்டாரிஸ்ட் ரிச்சி ஃபாக்னரின் கதை இதைவிட உறுத்துகிறது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து மேடையில், அதே ‘பெயின்கில்லர்’ வாசிக்கும்போது அவருடைய பெருந்தமனி கிழிந்தது. என்ன நடக்கிறதென்றே தெரியாமல் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பல மணி நேர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். நாங்கள் அதை வீரக்கதையாக ஆக்கிக்கொண்டோம். ‘இதான்டா மெட்டல்’ என்று நானே நண்பர்களுக்கு அனுப்பினேன். அவரோ, எல்லோரும் போய் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். பிற்பாடு பக்கவாதம் தாக்கி வலது கை பழையபடி இல்லாமல் போனதை 2025இல்தான் வெளியே சொன்னார். அதாவது, 2024இல் நாங்கள் அவருடைய வேகத்தைச் சிலாகித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கை ஏற்கெனவே அடிபட்ட கை. ஆல்பத்தின் பெயர், வெல்லவே முடியாத கேடயம்.

அடிபட்டதை ஏன் மறைக்க வேண்டியிருந்தது? மெட்டலுக்கு முதுமையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால்தான் என்று நினைக்கிறேன். தோல் உடை, இரும்பு, மோட்டார் சைக்கிள், பிளிறும் குரல் எல்லாம் சாகாதவனின் வேஷம். பி.பி. கிங் கடைசி வருடங்களில் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார், யாரும் குறைத்து மதிக்கவில்லை. 2002இல் ஜானி கேஷின் தேய்ந்துபோன குரலே அந்த ஆல்பத்தின் பலம் ஆனது. ஒரு மெட்டல் பாடகர் உச்ச ஸ்தாயியில் ஒரு படி இறங்கினால் மட்டும் ‘முடிஞ்சுபோச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இதையெல்லாம் யோசித்து என் ஆசையைத் திருத்தி வைத்தேன்: அடுத்த ஆல்பம் மெதுவாக இருக்கட்டும். ‘ஃபயர்பவர்’ முடிவில் ‘ஸீ ஆஃப் ரெட்’ என்று ஒரு நிதானமான பாட்டு வருகிறது, ஹால்ஃபோர்ட் அலறாமல் பாடுவது. அப்படிப் பத்துப் பாட்டு. விரல் தடுமாறினால் தடுமாறட்டும், கணினியில் வெட்டி ஒட்டிச் சீராக்க வேண்டாம்.

ரொம்பப் பக்குவமான ஆசை என்று கொஞ்ச நாள் பெருமையாகவே இருந்தது. பிறகு அதிலும் முள் குத்தியது. வயதான மனிதரிடம் போய் உன் தளர்ச்சியைக் காட்டு, நான் பார்த்து நெகிழ வேண்டும் என்று கேட்பது எந்த விதத்தில் உசத்தி? அவருக்கு வேகமாக வாசிக்கத்தான் ஆசை என்றால்? ஐம்பது வருடம் சத்தமாக வாழ்ந்தவர் கடைசியாகவும் சத்தமாகவே இருந்துவிட்டுப் போக நினைத்தால், அடக்கி வாசியுங்கள் என்று சொல்ல நான் யார்?

ஆசை போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலை மட்டும் கிழித்துவிட்டேன். ஆல்பம் வந்தால் முதல் தடவை கேட்கும்போது எந்த ஸோலோவை யார் வாசித்தது என்று பார்க்கப்போவதில்லை. வராவிட்டால் டிப்டன் கடைசிப் பாட்டுகளுக்கு வந்து நிற்கும் அந்தப் பழைய வீடியோக்கள் இருக்கின்றன. ‘பிரேக்கிங் த லா’ வாசிக்கிறார். கூட்டம் போடும் சத்தத்தில் அவர் கிட்டார் சரியாகவே கேட்பதில்லை.